கைக்குழந்தையோடு நெடும்பயணம்: வெளிக்கிட முன்னர் அறிந்திருக்க வேண்டியவை

வடக்கிலும் கிழக்கிலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் போவது பெரும்பாலும் உல்லாசப் பயணம் அல்ல. பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்ட பிள்ளை, கடவுச்சீட்டு அலுவல், தூதரக நேர்முகம், வெளிநாட்டிலிருந்து வரும் தகப்பனை விமான நிலையத்தில் சந்திப்பது, ஒரு செத்தவீடு, ஒரு கோயில் நேர்த்தி என்று தள்ளிப்போட முடியாத காரணங்களுக்காகவே குடும்பங்கள் வெளிக்கிடுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். பெரியவர்களுக்கே உடம்பு நோகும் இந்தத் தூரத்தை ஆறுமாதப் பிள்ளையும் மடியில் இருந்தபடி கடக்கவேண்டியிருக்கிறது.

எங்கள் தாய்மாருக்குப் பிள்ளையோடு பயணம் செய்வது புதிய விடயம் அல்ல. யாழ்தேவி நின்றுபோன பின்னர் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் திருகோணமலைக்குக் கப்பலில் போனவர்கள், 2009இல் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியவர்கள் எல்லோருடைய கையிலும் ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பயணங்களில் பிள்ளை அழாமல் இருப்பதே முதல் தேவையாக இருந்தது.

இன்று பாதை திறந்திருக்கிறது. பாஸ் தேவையில்லை. ஆனால் பிள்ளையைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. பக்கத்து ஆசனக்காரர் முகம் சுளிப்பார் என்று துவாயால் மூடுவது, நித்திரை கொள்ளட்டும் என்று பாணி மருந்து கொடுப்பது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படுவது போன்றவற்றால்தான் பயணத்தில் பிள்ளைக்கு ஆபத்து வருகிறது. அழும் பிள்ளை பசிக்கிறது, வேர்க்கிறது, காது நோகிறது, நனைந்துவிட்டேன் என்று சொல்கிறது. அதைக் கேட்டு நடப்பதற்கான வழிகளே இங்கே தரப்படுகின்றன.

எந்த வயதில், எப்போது?

பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளையை வெளியே கொண்டுபோவதில்லை என்பது எங்கள் வழக்கம். மருத்துவப்படி பார்த்தாலும் அது நல்ல வழக்கம்தான். முதல் வாரங்களில் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு; தாயின் உடம்பும் தேறவேண்டும். ஆனால் வைத்தியர் வேறு வைத்தியசாலைக்கு அனுப்பியிருந்தால் துடக்கையோ நாள் கோளையோ பார்த்துத் தாமதிக்கக் கூடாது.

தடுப்பூசி நாள்களையும் கணக்கில் எடுங்கள். இலங்கையில் 2, 4, 6 மாதங்களிலும், 9 மாதத்தில் சின்னமுத்து உட்பட்ட முக்கூட்டு ஊசியும், 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரான ஊசியும் போடப்படுகின்றன. ஊசி போட்ட அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். அன்றும் மறுநாளும் காய்ச்சல் வரலாம். பயண நாளில் ஊசி நாள் வந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதிவேட்டைக் கையில் வைத்திருந்தால் போகும் இடத்துக் கிளினிக்கிலும் ஊசி போடலாம்.

காய்ச்சல், வயிற்றோட்டம், தொடர்ந்த சத்தி இருந்தால், வைத்தியத்துக்கான பயணம் தவிர்ந்த எந்தப் பயணத்தையும் ஒத்திவையுங்கள்.

இரவுப் பயணத்தில் வெக்கை குறைவு, பிள்ளையும் நித்திரை கொள்ளும். ஆனால் சாரதிக்கும் நித்திரை வரும் நேரம் அதுதான். வான் பிடித்துப் போகிறவர்கள் பகலில் ஓய்வெடுத்த சாரதியைக் கேளுங்கள். நள்ளிரவு தாண்டினால் ஓரிடத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்கச் சொல்லுங்கள்.

கையில் இருக்கவேண்டிய பத்திரங்கள்

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுதான், கிளினிக்கில் தரும் அந்தக் கொப்பிதான், முதலாவது. பிறந்த நிறை, போட்ட ஊசிகள், ஒவ்வாமை எல்லாம் அதில் இருப்பதால் அறியாத ஊரின் வைத்தியருக்கும் அதுவே பிள்ளையின் கதையைச் சொல்லும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, தாயின் அடையாள அட்டை, வைத்தியசாலைக்கான பயணமாயின் அனுப்பற் கடிதம், பழைய மருந்துத் துண்டுகள், ஸ்கான் படங்கள் என்பவற்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்து உடம்போடு கொண்டுசெல்லுங்கள். பெரிய பையோடு பஸ்ஸின் கீழ்ப்பெட்டிக்குள் போடாதீர்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துப் பிறகு வருடக்கணக்காக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெளிநாட்டுப் பயணமாயின் பிறந்த குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய சம்மதத்தை எந்த முறையில் உறுதிப்படுத்தவேண்டும் என்பதை விண்ணப்பிக்க முன்னரே குடிவரவு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் முறை வரிசையில் நிற்பதை அது தவிர்க்கும்.

பை கட்டுதல்

இரண்டு பைகள் போதும். பெரிய பை கீழே போகட்டும். சிறிய பை மடியருகே இருக்கட்டும். சிறிய பைக்குள்:

- மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பம்பர்ஸ் அல்லது துணிகள், மேலதிகமாக மூன்று
- இரண்டு மாற்றுடுப்புப் பிள்ளைக்கு, ஒரு மேற்சட்டை தாய்க்கு
- மெல்லிய பருத்தித் துணிகள் நான்கு
- நனைந்ததைப் போட, சத்தி எடுக்க, சொப்பிங் பைகள்
- சவர்க்காரம், கொதித்தாறிய தண்ணீர்
- ஜீவனிப் பொட்டலம் இரண்டு
- வெப்பமானி, வைத்தியர் பிள்ளையின் நிறைக்கு அளவு எழுதித் தந்த பரசிற்றமோல் பாணி
- சிறிய நுளம்புவலை

பால், தண்ணீர், சாப்பாடு

ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே. வன்னி வெயிலிலும் தண்ணீர், சீனித் தண்ணீர், மல்லித் தண்ணீர் ஒன்றும் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்குத்தான். வழியில் மலசலகூடம் இல்லை என்று தாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் களைப்பும் தலைச்சுற்றும் வரும்.

பஸ்ஸில் பால் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் யன்னல் ஓர ஆசனத்தை எடுங்கள். தனியே போகும் தாய்மார் ஆசனம் பதியும்போதே பக்கத்தில் பெண் ஒருவர் வேண்டும் என்று சொல்லுங்கள். தோளில் துணி போடலாம், ஆனால் பிள்ளையின் மூக்கும் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

பால்மா கொடுக்கும் நிலை என்றால் வீட்டிலேயே கரைத்துக்கொண்டு போகவேண்டாம். கரைத்த பால் சூட்டில் கிருமி வளரும் இடம். ஒரு நேரத்துக்கான மாவை அளந்து உலர்ந்த சிறு டப்பாக்களில் போடுங்கள். கொதித்த தண்ணீரைச் சுடுதண்ணிப் போத்தலில் எடுங்கள். கொடுக்கும் நேரத்தில் சூடான தண்ணீரிலேயே கரைத்து, பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்காத பாலையும், பிள்ளை குடித்து மிச்சம் விட்டதையும் ஊற்றிவிடுங்கள். பால்மா விற்கும் விலையில் மனம் வராதுதான். ஆனால் ஒரு வயிற்றோட்டத்தின் செலவு அதைவிடப் பெரிது. போத்தலைவிடக் கோப்பையும் கரண்டியும் நல்லது. வழியில் கழுவுவது சுலபம்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாழைப்பழம் போல நல்ல சாப்பாடு இல்லை. தோலே அதன் மூடி. அவித்த உருளைக்கிழங்கு, றஸ்க் என்பனவும் தாங்கும். சோறும் பருப்பும் பிசைந்துகொண்டு போனால் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது. சூப்பியில் தொட்டும் வைக்கக் கூடாது.

பஸ்ஸில் விற்கும் கச்சான், கடலை, முறுக்கு, ரொபி ஒன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஓடும் வாகனத்தில் ஒரு குலுக்கலில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படி அடைத்து, பிள்ளைக்கு இருமவோ அழவோ முடியவில்லை என்றால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் நிமிர்த்தி, நெஞ்செலும்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். வெளிவரும்வரை மாறி மாறிச் செய்தபடி உதவி கேளுங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடாதீர்கள்.

எதில் போவது?

*பஸ்.* பஸ்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனம் உண்டு. கைக்குழந்தையோடு ஏறினால் இருக்க இடம் கேளுங்கள். அது இரந்து கேட்பது அல்ல. ஆசனம் பதியும்போது நடுப்பகுதியைக் கேளுங்கள். பின்வரிசையில் குலுக்கல் அதிகம். முன்வரிசையில் சடுதியாகப் பிரேக் அடித்தால் பிள்ளை கையிலிருந்து பறந்துவிடும். ஏசி பஸ்ஸில் குளிருக்காகப் பிள்ளையைத் தலையோடு மூடும் பழக்கம் ஆபத்தானது. தொப்பி, காலுறை, ஒரு போர்வை நெஞ்சுவரை போதும். குளிர்காற்று வரும் துளையைத் திருப்பிவிடுங்கள். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் உடுப்புக் கூடிவிட்டது.

*ரயில்.* 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின் பிள்ளையோடு போவதற்கு ரயிலே நல்ல தெரிவு. எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு. தவழும் பிள்ளையை அழுக்குத் தரையில் விடாமல் ஒரு விரிப்பை எடுத்துச் செல்லுங்கள். கதவடியில் பிள்ளையைக் காற்று வாங்க நிறுத்துவதும், யன்னலுக்கு வெளியே கை நீட்ட விடுவதும் வேண்டாம்.

*வான், கார்.* முன் ஆசனத்தில் மடியில் பிள்ளை என்பதை அடியோடு விடுங்கள். மோதினால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்காது. தாயும் பிள்ளையும் ஒரே பட்டியைப் போடுவது இன்னும் மோசம். தாயின் பாரம் பிள்ளையை நசுக்கும். பிள்ளைகளுக்கான ஆசனம் கிடைத்தால் பின் ஆசனத்தில், இரண்டு வயதுவரையாவது பின்னோக்கிய நிலையில் பொருத்துங்கள். கிடைக்காவிட்டால் பின் ஆசனத்தின் நடுவில், பட்டி போட்ட பெரியவரின் கையில் பிள்ளை, வேகம் குறைவு என்பதே மிஞ்சும் வழி. நிறுத்திய வாகனத்துக்குள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே வெப்பம் பத்துப் பாகை அளவு கூடும்.

*மோட்டார் சைக்கிள்.* பல குடும்பங்களுக்கு அதுதான் ஒரே வாகனம். கிளினிக்குக்கு அப்படிப் போகலாம் என்பது நெடும்பயணத்துக்கும் பொருந்தாது. பஸ் தரிப்பிடம் வரையாவது ஓட்டோ பிடியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் சேலைத் தலைப்பும் பிள்ளையைச் சுற்றிய துணியும் சில்லில் சிக்காமல் செருகுங்கள்.

*படகு.* குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவர்கள் மேல்தட்டில், காற்றோட்டமுள்ள இடத்தில், விளிம்பிலிருந்து தள்ளி இருங்கள். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையைத் தாயின் உடம்போடு துணியால் கட்டாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் இருவருக்கும் அவிழ்க்க நேரம் இருக்காது. காற்றுக் கடுமையான நாள்களில் திரும்பிவர முடியாமல் போகலாம் என்பதால் ஒருநாள் கூடுதலான பாலும் மருந்தும் கொண்டுபோங்கள்.

வழியில் இறங்கும்போது

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது கால் நீட்டி நிற்க இடம் வேண்டும். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் போன்ற நகரங்களிலேயே நிறுத்தப் பாருங்கள்.

ஒன்றுக்கு இருக்கப் பிள்ளையைப் பற்றைக்குள் கூட்டிப்போவது வன்னியில் இன்னும் யோசிக்கவேண்டிய விடயம். நீண்டகாலம் முன்னரங்காக இருந்த முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது. மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் அதைத் தாண்டி ஓரடியும் வைக்கவேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் வீதியோரத்தை விட்டு உள்ளே போகாதீர்கள். பிள்ளை நிலத்திலிருந்து எடுக்கும் எந்த உலோகத் துண்டையும் தொடவிடாதீர்கள்.

நித்திரை மருந்தும் சத்தியும்

தடிமனுக்குத் தரும் பாணி மருந்தில் நித்திரை வரும் என்று அதைப் பயணத்துக்காகக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது மூச்சை மந்தமாக்கலாம்; சிலருக்கு நேர்மாறாகப் பரபரப்பையும் உண்டாக்கும். வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பயணத்தால் வரும் சத்தி இரண்டு வயதுக்குக் கீழ் அரிது. அந்த வயதில் தொடர்ந்து சத்தி எடுத்தால் வேறு காரணம் இருக்கலாம் என்று நினையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு வெளிக்கிட முன் கொஞ்சச் சாப்பாடு, முன்னோக்கிப் பார்த்த ஆசனம், திறந்த யன்னல், தொலைபேசியில் படம் பார்க்காமல் இருத்தல் என்பன உதவும்.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியைப் பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில் கரையுங்கள். குறைத்தோ கூட்டியோ கரைக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது.

விமானத்தில் வருகிறவர்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கும் மடுவின் ஆவணித் திருவிழாவுக்கும் புலம்பெயர் உறவுகள் பேரப்பிள்ளைகளோடு வருவார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மடியில் பயணிக்கலாம். இரண்டு நிறைந்தால் தனி ஆசனம் வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காதுநோவு வரும். அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்கும்போது அடைப்பு விலகும். பிள்ளைக்கான பாலைப் பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வானில் ஏறி விடிய யாழ்ப்பாணம் சேரும் அவசரம் வேண்டாம். ஒருநாள் நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்கினால் பிள்ளைக்கும் வெக்கை பழகும், சாரதிக்கும் ஓய்வு கிடைக்கும். காத்திருக்கும் அம்மம்மாவுக்கு ஒருநாள் பிந்துவது பெரிய இழப்பல்ல. டெங்கு உள்ள நாடு என்பதால் பகலிலும் பிள்ளையை வலைக்குள் படுக்கவையுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள்.

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையில் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதுங்கள். காலையில் எடுத்த ஒரு படம் இருந்தால் என்ன உடுப்பு என்று சொல்லத் தடுமாற வேண்டியதில்லை.

உடனே வைத்தியசாலைக்கு

கீழ்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் போகவேண்டிய இடம் போய்ச்சேரும்வரை காத்திருக்காதீர்கள்:

- பால் குடிக்க முடியாமை, குடித்த அனைத்தையும் சத்தி எடுத்தல்
- வலிப்பு, எழுப்பக் கடினமான நித்திரை, துவண்டுபோதல்
- விரைவான மூச்சு, மூச்செடுக்கும்போது நெஞ்சு உள்ளிழுபடுதல், உதடு நீலமாதல்
- ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், உச்சிக்குழி தாழ்தல்
- மலத்தில் இரத்தம்
- மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 முதல் வடக்கிலும் இச்சேவை இருக்கிறது. எந்த ஊரில் நிற்கிறீர்கள், அருகில் என்ன கட்டடம் என்று சொல்லத் தயாராக இருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, அநுராதபுரம், பிறகு புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு ஆகிய இடங்களில் வழியோரம் அரச வைத்தியசாலைகள் உள்ளன. குருநாகல் வழியாகப் போகிறவர்களுக்குத் தம்புள்ளையிலும் குருநாகலிலும் உண்டு. வேறு மாவட்டத்தவர் என்பதால் எங்கும் சிகிச்சை மறுக்க முடியாது; கட்டணமும் இல்லை.

மதவாச்சி தாண்டிய பின் சாரதியிடமோ தாதியிடமோ தமிழில் விளங்கப்படுத்த முடியாத நிலை வரலாம். இந்தச் சிங்களத் தொடர்களை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள்:

- பஸ் ஏக்க நவத்தன்ன: பஸ்ஸை நிறுத்துங்கள்
- பபாட்ட உண: பிள்ளைக்குக் காய்ச்சல்
- வமனே யனவா: சத்தி எடுக்கிறது
- பட யனவா: வயிற்றால் போகிறது
- ஹுஸ்ம கன்ன அமாருயி: மூச்செடுக்கக் கஷ்டம்
- உணு வத்துர டிக்கக் தென்ன: கொஞ்சம் சுடுதண்ணீர் தாருங்கள்

வைத்தியசாலையில் பிள்ளையோடு தங்க நேர்ந்தால் பெரும்பாலும் தாய் ஒருவரையே விடுதியில் அனுமதிப்பார்கள். கூடப் போனவர் எங்கே தங்குவார், சாப்பாடு யார் கொண்டுவருவார், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்பதை வெளிக்கிட முன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தாய்க்கான மாற்றுடுப்பு, ஒரு படுக்கை விரிப்பு, கோப்பை, தொலைபேசி சார்ஜர், இரண்டு நாளுக்கான கைக்காசு ஆகியன சிறிய பையிலேயே இருக்கட்டும்.